அம்மா கண்ணைத் திறக்கும்வரை

அந்த வீட்டிலிருந்து காலையில் வெளியே போவது லேசுப்பட்ட காரியமில்லை. கதவு திறந்துதான் இருக்கும். காலில் செருப்பு ஏறியிருக்கும். ஸ்கூட்டரைக்கூடத் திருப்பி நிறுத்தியாகிவிட்டிருக்கும். ஆனாலும் போக முடியாது. முன்னறைச் சுவரில் அடித்திருந்த மரப்பலகையில் சின்னதாக ஒரு விளக்கு எரியும். அதன் முன்னால் அம்மா கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். அவள் கண்ணைத் திறக்கும்வரை யாரும் வாசற்படியைத் தாண்டக்கூடாது. அது அவள் போட்ட சட்டம்.

வேண்டுதலைச் சுருக்கமாக முடிக்கவும் அவளுக்குத் தெரியாது. முதலில் அப்பா, பிறகு மகள். அப்பாவோடு வேலை செய்கிற, எல்லோரும் பீப்பாய் என்று கூப்பிடும் ஆளுக்கு ஒரு வார்த்தை. எதிர்வீட்டில் காது கேட்காத பெரியவருக்கு ஒரு வார்த்தை. ஸ்கூட்டருக்கும் ஒரு வரி உண்டு. பிரேக் சரியில்லாத காலத்தில் சேர்த்தது. பிரேக்கை மாற்றிய பிறகும் அவள் அந்த வரியை எடுக்கவில்லை.

மகளை வீட்டில் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் கையில் நரம்பைத் தேடிப் பிடித்து ரத்தம் எடுப்பவள். பேச்சும் அப்படியே குத்தும், அதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பெயர் என்பார் அப்பா. சாமி, வேண்டுதல், நேரம் காலம் எதிலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. அதை மறைத்து வைக்கிற ரகமும் இல்லை.

அப்பா லிப்ட் மெக்கானிக். கடவுள் விஷயத்தில் அவருக்கென்று தனிக் கருத்து எதுவும் இல்லை. கேட்டால், "இருந்தா நல்லதுதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்பார், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்களைப் பற்றிச் சொல்கிற மாதிரி. ஆனால் தினமும் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மா முடிக்கிறவரை வாசலில் நிற்பார். நிற்கிற நேரத்தில் கை சும்மா இருக்காது. சட்டைப் பையைத் தடவும், பைக்குள் துழாவும், இடுப்பைத் தட்டும். பொழுது போகாமல் சொறிந்துகொள்கிறார் என்றுதான் ஊசி நினைத்திருந்தாள்.

அன்றைக்கு மழை. பரிசோதனைக் கூடத்துக்குப் புது மெஷின் வந்திருந்தது. அதை ஓட்டச் சொல்லிக்கொடுக்க வெளியூரிலிருந்து ஆள் வந்திருந்தார். தாமதமாகப் போனால் மெஷினை ஓட்டும் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். ஊசி அந்த நாற்காலிக்காக எவ்வளவோ நாளாகக் காத்திருந்தாள். அப்பா ஸ்கூட்டரில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. அம்மா பலகை முன்னால் கண்ணை மூடினாள்.

"அம்மா, இன்னிக்கு ஒரு நாள் சீக்கிரம் முடிச்சுக்கோ."

அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. இரு என்று கையை மட்டும் காட்டினாள்.

"உன் சாமிக்கு இன்னுமா நம்ம வீடு மனப்பாடம் ஆகல? தினமும் மொதல்லேருந்து ஒப்பிக்கணுமா?"

"இரும்மா, முடிச்சுடுவா" என்றார் அப்பா.

"என்னத்தப்பா முடிக்கறது? தினமும் எத்தனை பேர் ரத்தத்தப் பாக்கறேன். சர்க்கரை தெரியுது, உப்பு தெரியுது, கொழுப்பு தெரியுது. வீட்ல யாரோ வேண்டிக்கிட்டாங்கன்னு எதுலயும் தெரியல. வாங்க, போலாம்."

அவள் அப்பாவின் தோளிலிருந்த பையைப் பிடித்து இழுத்தாள். அப்பா ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு மகளோடு இறங்கிப் போய்விட்டார். பெண் பிள்ளை ஆசைப்பட்ட நாற்காலி போய்விடக்கூடாதே என்ற கவலை அவருக்கும் இருந்தது. மழையில் ஸ்கூட்டர் கிளம்பிய சத்தம் அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

மத்தியானம் ஊசி புது மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது பீப்பாய் போன் செய்தான். "பாப்பா, பயப்படாத, உசிருக்கு ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பித்தால் யாருக்குத்தான் பயம் வராது?

லிப்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் இறங்கி வேலை செய்வதற்கு முன்னால் மாடி உச்சியில் மோட்டார் அறைக்கு ஏறிப்போய் மெயின் சுவிட்சை இறக்கி, அதில் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே இருக்கிறவன் வெளியே வருகிறவரை வேறு யாராலும் லிப்டை ஓட்ட முடியாது. குழிக்குள்ளேயே லிப்டை நிறுத்தும் சிவப்பு சுவிட்சு ஒன்று உண்டு. அதைப் பழுதுபார்க்கத்தான் அப்பா அன்றைக்கு இறங்கியிருந்தார். மேலே அவர் பூட்டுப் போடவில்லை. சுவிட்சில் கம்பியை முறுக்கிக் கட்டி, எச்சரிக்கை அட்டை ஒன்றைத் தொங்கவிட்டுவிட்டு வந்திருந்தார். அட்டை எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. மேல்மாடியில் குடியிருக்கும் இதய நோய்க்காரர் ஒருவர், படி ஏற முடியாமல் நனைந்துபோய்க் கீழே உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் அவர்மேல் இரக்கப்பட்டு மேலே போய்ப் பார்த்தான். ஏதோ கம்பி சுற்றியிருக்கிறதே என்று பிரித்தான். சுவிட்சைப் போட்டான். யாரும் கெட்டவர்கள் இல்லை. லிப்ட் மட்டும் இறங்கிவிட்டது.

சத்தம் கேட்டதும் அப்பா குழியில் குப்புறப் படுத்துக்கொண்டார். அதனால் பிழைத்தார். இடது காலை மட்டும் உள்ளே இழுக்க நேரம் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஊசி ஒன்றுக்காகக் காத்திருந்தாள். அம்மா திட்டுவாள் என்று. "சொன்னேனே, கேட்டியா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் போதும், பதிலுக்குச் சண்டை போட்டு, அழுது, ஒரு வழியாக ஆறிப்போயிருக்கும். அம்மா எதுவும் கேட்கவில்லை. கஞ்சி வைத்தாள், அப்பாவைத் துடைத்துவிட்டாள், மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்தாள். மீதி நேரமெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்து ஜன்னல் திரைகளுக்கு ஓரம் அடித்தாள். கடைக்குத் திரை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். விளக்கை ஏற்றவில்லை. கேட்டால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றாள். சமையலறையில் எண்ணெய் இருந்தது.

சில நாள் கழித்துப் பார்த்தால் பலகையில் விளக்கையே காணோம். அது இருந்த இடத்தில் நூல் உருண்டைகளை அடுக்கியிருந்தாள். விளக்கு அடுக்களை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் ஊசி ஜாடியை மறுபடி அதன் முன்னால் நகர்த்தி வைத்தாள். நியாயமாகப் பார்த்தால் அவள் ஜெயித்துவிட்டாள். எத்தனை வருடமாக "இதெல்லாம் சும்மா" என்று அம்மாவிடம் வாதாடியிருக்கிறாள். இப்போது அம்மாவே எடுத்து மூலையில் வைத்துவிட்டாள். ஜெயித்தவளுக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாள் ஒரு அம்மாள் கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். முன்பென்றால் ஊசி, "கையை ஆட்டாதீங்கம்மா, ஒரு நிமிஷ வேலை" என்று குத்தியிருப்பாள். அன்றைக்குச் சும்மா நின்றாள். அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, "குத்தலையாம்மா?" என்றாள். "நீங்க முடிச்சுக்கோங்க" என்றாள் ஊசி. பின்னால் வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கால் கூடிவிட்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்றார். அப்பா போகவில்லை. காலையில் குளிப்பார், சட்டை போட்டுக்கொள்வார், பையைத் தோளில் மாட்டி வாசல்வரை நடப்பார். வானத்தைப் பார்ப்பார். "இன்னிக்குக் கொஞ்சம் இழுக்கற மாதிரி இருக்கு. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். கம்பெனியில் முதலில் பரிவாகக் கேட்டார்கள். பிறகு அடிக்கடி கேட்டார்கள். ஒரு நாள் சாயங்காலம் பீப்பாயை அனுப்பிவைத்தார்கள்.

பீப்பாய் பெயருக்கேற்ற அகலம். நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்து, டீயை ஊதிக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணே, மேலேருந்து கேக்கறாங்க. இந்த வாரம் வரலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. என்னதான் பதில் சொல்றது?"

"கால் இழுக்குதுன்னு சொல்லு."

"டாக்டர் ஒண்ணுமில்லன்னுட்டாராமே."

"டாக்டர் காலா இழுக்குது?"

பீப்பாய் அம்மாவின் பக்கம் திரும்பினான். "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. அப்புறம் ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வேண்டிக்கறதுல என் பேரும் உண்டுன்னு அண்ணன் சொல்லுவாரு. இப்பவும் இருக்கா?"

அம்மா துணியைத் தையல் மெஷினின் ஊசிக்கு அடியில் நகர்த்தினாள். "ஏன்?"

"கொஞ்ச நாளா எதுவும் சரியில்ல அண்ணி. பல்லு வலி. வீட்ல மேற்கூரை ஒழுகுது. நேத்து ஏணியிலிருந்து வழுக்கிட்டேன், நல்லவேளை ரெண்டாவது படிதான். நான் வேற எங்கயும் போய்க் கும்பிடற ஆள் இல்ல. உங்களை நம்பித்தான் இத்தனை வருஷம் காலத்த ஓட்டறேன்."

"நீயே வேண்டிக்க வேண்டியதுதானே."

"எனக்கு நம்பிக்கை இல்லையே அண்ணி."

மற்ற நாளாக இருந்தால் ஊசி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சிரிக்கப்போன வாய் கோணிக்கொண்டது. அவளும் அப்படித்தானே இருந்திருக்கிறாள். அம்மா கும்பிட்டாள் என்ற தைரியத்தில்தானே சாமி இல்லை என்று இத்தனை நாள் வாய் கிழியப் பேசியிருக்கிறாள்.

"என்னாலதாம்மா" என்றாள். அடக்கி வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்தது. "அன்னிக்கு நான்தான் அப்பாவ இழுத்துட்டுப் போனேன். அதனாலதான் நீ விளக்கு ஏத்தறதில்ல. எனக்குத் தெரியும். வாயத் தொறந்து திட்டேன். இப்படிப் பேசாம இருந்து கொல்லாத."

மெஷின் நின்றது. அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா கட்டிலிலிருந்து பேசினார்.

"நீ இழுத்ததுக்கும் லிப்ட் இறங்குனதுக்கும் என்ன சம்பந்தம்? பூட்டை மறந்தது நான். தினமும் உங்கம்மா கண்ண மூடினதும் நான் என் கணக்கப் பாப்பேன். டார்ச் இருக்கா, டெஸ்டர் இருக்கா, பூட்டு இருக்கா, சாவி இருக்கா. அவ கண்ணத் தொறக்கறதுக்கும் நான் முடிக்கறதுக்கும் சரியா இருக்கும். அன்னிக்கு அது தவறிப்போச்சு. முந்தின நாள் பூட்டு இறுகிக் கிடந்துச்சுன்னு எண்ணெய் போட்டு இந்தக் கதவோரம் ஆணியில தொங்க விட்டிருந்தேன். அங்கயே தொங்கிட்டு இருந்திருக்கு. வேலைக்குப் போனப்புறம்தான் பையில இல்லன்னு பாத்தேன். திரும்பி வந்து எடுத்திருக்கலாம். மழைக்குச் சோம்பல்பட்டு கம்பியக் கட்டினேன். அவ்வளவுதான் விஷயம். இதுல சாமியும் இல்ல, நீயும் இல்ல."

"அப்படிப் போடுங்க" என்றான் பீப்பாய். "பாத்தீங்களா அண்ணி, நீங்க கும்பிட்டது வீண் போகல. அண்ணனுக்குப் பூட்ட ஞாபகப்படுத்திட்டு இருந்திருக்கு."

அம்மா எழுந்துவிட்டாள். மடியிலிருந்த திரை நழுவித் தரையில் விழுந்தது.

"என் சாமி என்ன உங்க பூட்டுக்கு வாட்ச்மேனா?" என்றாள். "இத்தனை வருஷமா நான் நின்னது நீங்க பையத் தடவறதுக்குத்தானா? அதுக்கு ஒரு மணி அடிச்சா போதாதா? ஆளுக்காள் விளக்கம் சொல்லிட்டீங்க. உங்களுக்கெல்லாம் சௌகரியமா இருக்கு."

"அண்ணி, நான் அப்படிச் சொல்லல..."

"நீ சும்மா இரு." அவள் கதவோரத்து ஆணியைப் பார்த்தாள். பூட்டு இப்போதும் அதில்தான் தொங்கியது, அன்றைக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. "அன்னிக்குக் கண்ணத் தொறந்தேன். வாசல்ல யாருமில்ல. திறந்த கதவும் மழையும்தான் இருந்துச்சு. இத்தனை வருஷத்துல ஒரு நாள் அப்படி ஆனதில்ல. அப்புறம் அந்தப் பூட்டப் பாத்தேன்."

அவள் ஆணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாத்தேன். மறந்துட்டுப் போயிட்டாருன்னு தெரிஞ்சுது. போன் பக்கத்துலதான் இருந்துச்சு. பண்ணல. அவ்வளவு ஆத்திரம். என்னைக் கல்லு மாதிரி நிக்க வெச்சுட்டுப் போனாங்கல்ல, பூட்டு இல்லாம போய் மழையில திரும்பி அலையட்டும், அப்பத்தான் புத்தி வரும்னு நெனச்சேன். பூட்டு இல்லாம இவரு குழியில இறங்குவாருன்னு எனக்குத் தோணவே இல்ல." அவள் முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டாள். "அப்பத்தான் இவருக்கு நல்லது நடக்கணும்னு வேண்டிட்டு நிமிர்ந்தேன். வாய் ஈரம் காயறதுக்குள்ள அலையட்டும்னு நெனச்சேன். அந்த வாயோட மறுபடியும் எப்படிப் போய் அங்க நிக்கறது? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?"

அம்மா சாமியின் மேல் கோபித்துக்கொண்டாள் என்றோ, தன் மேல் கோபித்துக்கொண்டாள் என்றோதான் ஊசி நினைத்திருந்தாள். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றவே இல்லை. ஒருவேளை அம்மாவுக்குச் சாமி இருப்பதால்தான் இந்த வெட்கமும் இருக்கிறதோ என்று நினைத்தாள். தனக்கென்றால் யாரிடம் போய் முகத்தை மறைத்துக்கொள்வது என்றும் நினைத்தாள்.

அப்பா கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"நல்லா இருக்கு. ஒருத்தி இழுத்ததால வந்துதுங்கறா. ஒருத்தி போன் பண்ணாததால வந்துதுங்கறா. ஆளாளுக்குப் பங்கு கேக்கறீங்க. கால் என்னோடதுடி."

பீப்பாய் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று டம்ளருக்குள் பார்த்தான். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் முகத்திலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றார் அப்பா, ஆணியைப் பார்த்துக்கொண்டு. "கால் இழுக்கல. பயம். படுத்தா அந்தச் சத்தம் காதுலயே இருக்கு. வாசல் வரைக்கும் போறேன், படி இறங்க முடியல. பூட்டு, சாவி எல்லாம் நானே ஞாபகம் வெச்சுக்குவேன், அதுக்கு ஆள் வேண்டாம். சாமி இருக்கா இல்லையான்னு எனக்குச் சத்தியமா தெரியாது. ஆனா இருட்டுக் குழியில இறங்கறப்போ, காலையில நமக்காக ஒருத்தி கண்ண மூடிட்டு நின்னான்னு ஒரு நெனப்பு இருக்கும் பாரு, அது இல்லாம இறங்க முடியாது போல இருக்கு."

"நம்பாதவருக்கு எதுக்கு அது?" என்றாள் அம்மா.

"அதான் எனக்கும் தெரியல" என்றார் அப்பா.

அம்மா கீழே விழுந்த திரையை எடுத்து உதறி, மறுபடி மெஷினில் வைத்தாள். பீப்பாய் இன்னொரு டீ கிடைக்குமா என்று கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கேட்காமலே கிளம்பிப் போனான்.

மறுநாள் காலையில் அப்பா குளித்தார், சட்டை போட்டார், பையை மாட்டினார். ஆணியிலிருந்து பூட்டை எடுத்தார். சாவியைப் போட்டுத் திறந்து பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். வாசலில் போய் நின்றார். வானத்தைப் பார்க்கவில்லை. உள்ளே பார்த்து நின்றார்.

அம்மா மெஷினில் இருந்தாள். "என்ன, கிளம்பலையா?"

"கிளம்பியாச்சு."

"அப்புறம் ஏன் நிக்கறீங்க?"

"சும்மாதான்."

ஊசியும் செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. புது மெஷின் நாற்காலி இன்னும் அவளுக்கு நிச்சயமாகவில்லை, போட்டிக்கு ஆள் இருந்தாள். கைப்பைக்குள் போன் அடித்தது. எடுக்கவில்லை.

"உனக்கென்னடி? போன் அடிக்குது பாரு."

"அடிக்கட்டும்."

"நேரமாகலையா?"

"ஆகுது."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு ஓரம் அடித்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவர்கள் நகர்வதாக இல்லை. எதிர்வீட்டுப் பெரியவர் வெளியே வந்து, இவர்கள் ஏன் சொந்த வீட்டு வாசலிலேயே விருந்தாளி மாதிரி நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, கேட்டாலும் காதில் விழாது என்று உள்ளே போய்விட்டார்.

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். உப்பு ஜாடி நகர்ந்த சத்தம் கேட்டது. விளக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தாள். பலகையிலிருந்த நூல் உருண்டைகளை மடியில் வாரிக்கொண்டாள், கீழே வைக்கத் தோன்றவில்லை. திரியை நிமிர்த்தி ஏற்றினாள். முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவது பற்றிக்கொண்டது.

கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் உதடு அசையவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறாள் என்று ஊசிக்குப் புரிந்தது. பிறகு மெல்ல அசையத் தொடங்கியது. பக்கத்தில் அப்பாவின் கை சட்டைப் பையைத் தொட்டது, பைக்குள் போய்ப் பூட்டைத் தொட்டது, திரும்ப வந்து சும்மா தொங்கியது. அவர் எப்போதோ முடித்துவிட்டார். அம்மா முடிக்கவில்லை. அன்றைக்குப் பட்டியல் நீளம். விட்டுப்போன நாளெல்லாம் சேர்ந்திருக்கும். பீப்பாயின் பல்லுக்கே தனியாக நேரம் ஆகும்.

போன் மறுபடி அடித்தது. ஊசி அசையாமல் நின்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி உண்டா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் அப்போதும் சொல்லியிருப்பாள்.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். கும்பிடும்போது எதற்கும், யார் கூப்பிட்டாலும் கண்ணைத் திறக்காத அம்மா, பாதியில் ஒற்றைக் கண்ணை மட்டும் லேசாகத் திறந்தாள். வாசலைப் பார்த்தாள். இருவரும் அங்கேதான் இருந்தார்கள். அவசரமாக அந்தக் கண்ணை மறுபடி மூடிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.